பெயர் சுட்டாமையும் இடம் சுட்டலும்: குடும்ப ஆய்வுத் தரவை நிலப்பகுதித் தகவலோடு இணைத்தலின் அறம்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை அகமா, புறமா என்னும் வினா தமிழாய்வில் பழமையானது. பிரிவாற்றாது அரண்மனையில் வருந்தும் தலைவியையும், பாசறையில் நள்ளிரவிலும் துயிலாது புண்பட்ட வீரரைக் கண்டுவரும் வேந்தனையும் பாடும் அப்பாட்டில் எவர் பெயரும் இல்லை. பொருளால் நோக்கின் அது அகம். ஆயினும் வேந்தனோடு செல்வோன் ஏந்திய வேலில் வேம்பு கட்டப்பட்டிருப்பதாக ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. அவ்வொரு குறிப்பே பாட்டுடைத் தலைவன் இன்னான் எனக் காட்டிவிடுவதால் பாட்டு புறமாயிற்று என்பது நச்சினார்க்கினியர் கொள்கை. அகன் ஐந்திணையில் ஒருவரைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய விதி. பெயரைச் சொல்லாதிருந்த அளவில் அவ்விதி நிறைவேறிவிடாது என்பதும், பெயரின் வேலையைச் செய்யும் பிறிதொன்றும் அங்கு இருத்தலாகாது என்பதும் உரையாசிரியரின் இம்முடிவால் பெறப்படுகின்றன.

இதே சிக்கலை வேறு சொற்களில் இன்றைய மக்கள்தொகை ஆய்வாளர் எதிர்கொள்கின்றனர். ஒரு வீட்டில் கேட்டுப் பெற்ற விடைகளிலிருந்து பெயரும் கதவெண்ணும் நீக்கப்படுகின்றன. பின்னர் அவ்வீடு அமைந்த பகுதியின் மழையளவு, சாலை வசதி, மருத்துவ நிலையத் தொலைவு, எழுத்தறிவு வீதம், காற்று மாசு முதலியன அவ்விடைகளோடு சேர்க்கப்படுகின்றன. குடும்ப ஆய்வுத் தரவை நிலப்பகுதித் தகவலோடு இணைத்தல் என்பது இதுவே. கணினி நுட்பம் சார்ந்த செயலாகவே இது பெரிதும் பேசப்படுகிறது. ஆனால் இதனுள் இரண்டு அறவினாக்கள் பொதிந்துள்ளன. ஒருவர் சொல்லாத ஒன்றை, அவர் வாழும் இடத்தைக் கொண்டு அவர்மேல் ஏற்றலாமா என்பது ஒன்று. பெயரை மறைப்பதாக வாக்களித்தவர், பெயரின் வேலையைச் செய்யவல்ல இடத்தை வெளியிடலாமா என்பது மற்றொன்று. இந்தியாவின் தேசியக் குடும்ப நல ஆய்வை முதன்மைச் சான்றாகக் கொண்டு இவ்விரு வினாக்களையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். திணைக் கோட்பாடு இங்கு வெறும் உவமையாக எடுத்தாளப்படவில்லை. இடத்திற்கும் மாந்தர் ஒழுக்கத்திற்கும் உள்ள உறவை வரையறுக்க முயன்ற ஒரு சிந்தனை முறை என்ற வகையிலேயே அது துணைக்கொள்ளப்படுகிறது.

வாசலில் தரப்படும் வாக்கு

மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்திவரும் தேசியக் குடும்ப நல ஆய்வின் முதற் சுற்று 1992-93இல் நிகழ்ந்தது. 2015-16இல் நடந்த நான்காம் சுற்று 640 மாவட்டங்களில் 6,01,509 குடும்பங்களையும், 2019-21இல் நடந்த ஐந்தாம் சுற்று 707 மாவட்டங்களில் 6,36,699 குடும்பங்களையும் தழுவியது. ஊரகத்தில் ஒரு சிற்றூர் அல்லது அதன் ஒரு பகுதி, நகரத்தில் ஒரு கணக்கெடுப்பு வட்டம் என அமையும் மாதிரிக் கொத்து ஒவ்வொன்றிலும் 22 குடும்பங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. கேட்கப்படும் வினாக்கள் எளியவை அல்ல. பிறந்து இறந்த குழந்தைகள், கருச்சிதைவு, குடும்பக் கட்டுப்பாடு, கணவன் மதுவருந்துதல் எனப் பலவும் கேட்கப்படுகின்றன.

அவற்றுள் குடும்ப வன்முறை பற்றிய பகுதி தனித்து நோக்கத்தக்கது. நான்காம் சுற்றில் கொத்துகளுள் 30 விழுக்காட்டில், அவற்றிலும் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில்தான் இப்பகுதி கேட்கப்பட்டது. ஒரு வீட்டில் தகுதியுடைய பெண்டிர் பலர் இருப்பினும் ஒருவரிடம் மட்டுமே கேட்க வேண்டும்; அவரும் தனித்திருக்க வேண்டும்; தனிமை வாய்க்காவிடின் வினவுதலைக் கைவிட வேண்டும் என்பவை விதிகள். மாமியாரோ ஓரகத்தியோ இவ்வினாக்கள் இன்னவை என்பதையே அறியலாகாது என்பது இவ்வேற்பாட்டின் உட்கிடை. கணவன் அடிப்பதைத் தாயிடமும் சொல்லாத ஒருத்தி, பையைத் தோளில் மாட்டிவந்த அயலூர்ப் பெண்ணிடம் அரைமணி நேரத்தில் அதைச் சொல்கிறாள். அச்சொல் பிறர்க்குக் காட்டப்படாது என்ற உறுதியை நம்பியே அவள் வாய் திறக்கிறாள். ஆய்வின் அறமெல்லாம் அந்த ஓர் உறுதியின்மேல் நிற்கிறது.

அவ்வுறுதி எவ்வளவு நுண்மையாகக் கருதப்பட்டது என்பதற்கு மூன்றாம் சுற்று சான்றாகும். 2005-06இல் நடந்த அச்சுற்றில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோரிடம் எச்.ஐ.வி. சோதனைக்காக இரத்தத் துளி பெறப்பட்டது. அதன் விளைவாக, விடையளித்தோர் எம்மாவட்டத்தினர் என்னும் குறிப்பே ஆய்வாளர்க்கு வழங்கப்பட்ட தரவில் தவிர்க்கப்பட்டது. மாவட்ட அளவில் ஆய்வு செய்ய விரும்பியோர் அதனால் பெரிதும் இடர்ப்பட்டனர். ஆயினும் அக்காலத்தில் அந்நோய்க்கு இருந்த பழியை நினைப்பின் அது மிகையான எச்சரிக்கை எனக் கூறுதல் அரிது. நான்காம் சுற்றில் நிலை மாறியது. கொத்துகளின் புவியிட ஆயங்கள், பதிவு செய்து ஒப்புதல் பெற்ற ஆய்வாளர்க்குக் கிடைக்கலாயின. அதன்பின் மழை, வெப்பம், மாசு, சாலை என எதையும் ஒரு குடும்பத்தின் விடையோடு சேர்த்துக் காண வழி திறந்தது.

வீட்டிற்கு வெளியே உள்ள காரணம்

இவ்விணைப்பு தீது என்று தொடக்கத்திலேயே முடிவுகட்டுதல் பிழையாகும். இணைக்காமலிருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையைப் பெரும்பாலும் ஏழைக் குடும்பமே கொடுக்கிறது. வீட்டினுள் கேட்ட விடைகளை மட்டும் கொண்டு குழந்தையின் மெலிவிற்குக் காரணம் தேடும் ஆய்வு, வீட்டினுள்ளேயே காரணத்தைக் கண்டுபிடிக்கும். தாயின் கல்வி, தாயின் வயது, தாயின் பழக்கம் என்று அப்பட்டியல் நீளும். கிணறு வற்றியதும், அயல் தெருவின் கழிவு குளத்தில் கலந்ததும் வினாத்தாளில் இல்லாமையால் விடையிலும் இல்லை. பழி தாய்மேல் நிற்கும்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று இந்தியத் தரவிலிருந்தே கிடைக்கிறது. இந்தியாவில் முசுலிம் குடும்பங்கள் சராசரியில் இந்துக் குடும்பங்களைவிட ஏழ்மையும் குறைந்த கல்வியும் உடையவை. இருந்தும் அக்குடும்பங்களின் குழந்தைகள் பிழைத்திருக்கும் வாய்ப்பு மிகுந்திருந்தது. இப்புதிர் நெடுங்காலம் விளங்காதிருந்தது. மைக்கேல் ஜெருசோ, டீன் ஸ்பியர்ஸ் ஆகிய இருவரும் தேசியக் குடும்ப நல ஆய்வின் முதல் மூன்று சுற்றுகளைப் பயன்படுத்தி 2018இல் வெளியிட்ட கட்டுரை, விடையை வீட்டினுள் தேடாது அக்கம்பக்கத்தில் தேடியது. முசுலிம் குடும்பங்கள் கழிப்பறையைக் கூடுதலாகப் பயன்படுத்துகின்றன. அவர்களுடைய அயலாரும் பெரும்பாலும் முசுலிம்களே. ஆகவே அவர்கள் குழந்தைகளைச் சூழ்ந்த மண்ணிலும் நீரிலும் மாசு குறைவு. முசுலிம்கள் மிகுந்து வாழும் பகுதியில் வசிக்கும் இந்துக் குழந்தைகளுக்கும் அந்நன்மை கிட்டியது என்பதே இவ்வாய்வின் உயிர்நிலை. சமயத்தின் இயல்பு என்றோ குலத்தின் இயல்பு என்றோ எளிதாகக் கூறிவிடக்கூடியதாக இருந்த ஒன்று, இடத்தின் இயல்பு என நிறுவப்பட்டது. ஒரு குடும்பத்தின் விடையோடு அயற்குடும்பங்களின் விடையைச் சேர்த்துப் பாராதிருந்தால் இவ்வுண்மை வெளிப்பட்டிராது.

ஆகவே இணைப்பு ஒரு நீதியையும் செய்கிறது. நல்லது நேர்ந்தால் பொதுவில் வைத்தும், தீது நேர்ந்தால் தனியொருவர் தலையில் வைத்தும் பேசும் வழக்கத்தை அது மாற்ற வல்லது.

நிலமும் ஒழுக்கமும்

எனினும் இடத்திலிருந்து மனிதருக்கு வரும் பாதையில் ஓர் இடறல் உண்டு. 1950இல் டபிள்யூ. எஸ். ராபின்சன் எழுதிய கட்டுரை அதை வெளிப்படுத்தியது. அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு, வெளிநாட்டில் பிறந்தோர்க்கும் எழுத்தறியாமைக்கும் உள்ள தொடர்பை அவர் கணக்கிட்டார். மாநிலங்களை அலகாகக் கொண்டபோது ஒட்டுறவுக் கெழு −0.526 என வந்தது. வெளிநாட்டார் மிகுந்த மாநிலத்தில் எழுத்தறியாமை குறைவு என்பது அதன் பொருள். தனிமனிதரை அலகாகக் கொண்டபோது அதே கெழு +0.118 என மாறியது. வெளிநாட்டில் பிறந்தோரிடையே எழுத்தறியாமை சற்று மிகுதி என்பது இதன் பொருள். இரண்டு எண்களும் மெய்யே. குடியேறியோர், உள்நாட்டார் நன்கு எழுத்தறிந்திருந்த மாநிலங்களை நாடிச் சென்றனர். முதலெண் குறித்தது அவ்விடத்தை. அங்கு வந்தவரை அன்று.

திணைக் கோட்பாட்டில் இப்பிழைக்கு எதிரான ஒரு காப்பு ஏற்கெனவே உள்ளது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, பூ, புள் முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகியன உரிப்பொருள். பாடலுள் பயில்வனவற்றை நாடுமிடத்து இம்மூன்றும் ஒன்றினொன்று சிறந்தன என்று தொல்காப்பியர் முறை வகுத்தார். நிலம் முதலாவதாக வைக்கப்பட்டதே அன்றிச் சிறப்பில் அது இறுதியாகவே நிற்கிறது. ஒரு பாட்டின் திணையை முடிவு செய்வது உரிப்பொருள். மலையில் நிகழ்ந்தது என்ற ஒன்றைக் கொண்டே புணர்தல் எனக் கூறிவிட இயலாது; நெய்தல் நிலத்தாள் ஒருத்தி இரங்காமல் ஊடவும் கூடும். உரையாசிரியர் திணைமயக்கம் பற்றி இத்துணை நுணுகி வாதிட்டமைக்கும் காரணம் இதுவே. இடம் ஒழுக்கத்திற்குப் பின்புலம் தரும், ஒழுக்கத்திற்குச் சான்றாகாது. ராபின்சன் சுட்டிய பிழை, முதற்பொருளைக் கண்டவுடன் உரிப்பொருளை எழுதிவிடும் பிழை எனலாம்.

இன்னொரு விதியும் இங்கு நினையத்தகும். ஒரு நிலத்திற்கு உரியதல்லாத பூவும் புள்ளும் அந்நிலத்தில் வருமாயின், அவை வந்த நிலத்தின் பயனையே தரும் என்பது அவ்விதி. குடும்ப ஆய்வுத் தரவை இணைப்போர் தம்மை அறியாமலேயே இவ்விதியை மாந்தர்க்கும் நீட்டிவிடுகின்றனர். கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டிய நாளில் எவ்வூரில் இருந்தாரோ அவ்வூரின் மழையும் வெயிலும் அக்குடும்பத்தின் கணக்கில் எழுதப்படுகின்றன. நான்கு வயதுக் குழந்தை ஒன்று பஞ்சம் பிழைக்க வந்த பெற்றோருடன் ஓராண்டுக்கு முன்புதான் அவ்வூருக்கு வந்திருக்கலாம். அது கருவிலிருந்தபோது பொய்த்த மழை வேறோர் ஊரின் மழை. புதிய ஊரின் நிறைந்த ஏரியை அக்குழந்தையின் மெலிந்த உடலோடு சேர்த்துப் பார்க்கும் கணக்கு, நீர்வளம் உடலை வளர்ப்பதில்லை எனக் கூறும். தொல்காப்பியர் அவ்விதியைப் பூவுக்கும் புள்ளுக்கும் மட்டுமே கூறினார். மயங்கிவரும் உரிமையை உரிப்பொருள் அல்லாதவற்றுக்கே அவர் அளித்தார் என்பது மறக்கத்தக்கதன்று.

எல்லை வகுப்பதிலும் இதனையொத்த சிக்கல் உண்டு. அயோவா மாநிலத்தின் 99 கவுண்டிகளை வெவ்வேறு விதமாகக் கூட்டி அமைத்தால், முதியோர் விழுக்காட்டுக்கும் குடியரசுக் கட்சி வாக்குக்கும் உள்ள ஒட்டுறவை வலிய எதிர்நிலையிலிருந்து வலிய நேர்நிலை வரை வேண்டியவாறு பெறலாம் என்று ஸ்டான் ஓபன்ஷா, பீட்டர் டெய்லர் இருவரும் 1979இல் காட்டினர். இந்தியாவில் மாவட்டமே அசையாத அலகு அன்று. நான்காம் சுற்றுக்கும் ஐந்தாம் சுற்றுக்கும் இடையில் மாவட்டங்கள் 640இலிருந்து 707 ஆயின. வீடு நகரவில்லை; அதன் பகுதி மட்டும் மாறியது. மாவட்ட அளவெண்ணின் உள்ளே எவ்வளவு வேறுபாடு அடங்கும் என்பதையும் எண்ண வேண்டும். 2018இல் தொடங்கப்பட்ட முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தின்கீழ் வந்த 112 மாவட்டங்களுள் விருதுநகரும் ஒன்று. சிவகாசியின் அச்சகத் தெருவும் திருச்சுழிப் பகுதியின் மானாவாரிக் காடும் அங்கு ஒரே மதிப்பெண்ணைப் பெறுகின்றன. மாவட்டத்திற்கு நிதி வருவதற்கு அம்மதிப்பெண் உதவலாம். திருச்சுழிப் பக்கத்து வீடொன்றை அறிவதற்கு அது உதவாது.

நகர்த்தப்பட்ட புள்ளி

இனி இரண்டாம் வினாவுக்கு வரலாம். புவியிட ஆயங்களை வெளியிடுவோர், அவை உள்ளபடியே வெளியிடப்பட்டால் ஊர் தெரிந்துவிடும் என்பதை அறிவர். ஆதலின் பல நாடுகளில் இத்தகைய ஆய்வுகளுக்குத் துணைநின்ற டி.எச்.எஸ். திட்டம் ஒரு வழியைக் கையாண்டது. முதலாவதாக, தனி வீட்டின் இருப்பிடம் தரப்படுவதில்லை. கொத்து முழுமைக்கும் ஒரு நடுப்புள்ளியே தரப்படும். அடுத்து, அப்புள்ளியும் குருட்டுவாக்கில் ஏதேனும் ஒரு திசையில் நகர்த்தப்படும். நகரக் கொத்தாயின் 2 கிலோமீட்டர் வரை, ஊரகக் கொத்தாயின் 5 கிலோமீட்டர் வரை, ஊரகக் கொத்துகளுள் நூற்றில் ஒன்று 10 கிலோமீட்டர் வரை நகரும். வரைபடத்தில் தோன்றும் புள்ளியைப் பார்ப்பவர் அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்தில், ஏறத்தாழ 78 சதுர கிலோமீட்டர் பரப்பில் உள்ள எந்த ஊரையும் ஐயுறலாம். எந்த ஒன்றையும் துணியவியலாது. நூற்றில் ஒன்றை மட்டும் மேலும் தள்ளிவைத்த ஏற்பாடு, அந்தப் பரப்பையும் முழுதாக நம்பவிடாமல் செய்கிறது.

ஓர் ஆய்வு தன் தரவை அறிந்தே பிழையாக்கித் தருவது தத்துவ நோக்கில் வியப்பளிக்கும் செயல். இதனைப் பொய் எனலாமா? வள்ளுவரின் வாய்மை அதிகாரம் உடனே நினைவுக்கு வரும். குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்ம்மையும் வாய்மையின் இடத்தது என்னும் கருத்தைக் கொண்டு இதனை அமைதிப்படுத்தலாம் எனச் சிலர் கருதக்கூடும். அவ்வமைதி இங்குத் தேவையில்லை என்றே தோன்றுகிறது. எத்துணைத் தொலைவு, எவ்விதிப்படி நகர்த்தப்பட்டது என்பது தரவைப் பெறும் ஒவ்வொருவர்க்கும் முன்கூட்டியே சொல்லப்பட்டுவிடுகிறது. கேட்பவனை மெய்யென நம்பச் செய்யாத கூற்று பொய்யாகாது. அவ்வதிகாரத்தின் முதற் குறள், தீதின்றிச் சொல்லுதலையே வாய்மை என வரையறுப்பது. இந்நகர்த்தலுக்கு அதுவே போதிய இடம் தருகிறது.

இருப்பினும் நன்மை குற்றமற்றதா என்னும் வினா எஞ்சுகிறது. இந்திய வானிலைத் துறையின் மழைத் தரவு கால் பாகை அளவுள்ள கட்டங்களாக, அதாவது பக்கம் சுமார் 25 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கட்டங்களாகக் கிடைக்கிறது. அதில் 5 கிலோமீட்டர் நகர்வு பெரிதும் உறுத்தாது. மருத்துவ நிலையத் தொலைவின் நிலை வேறு. சமவெளியில் 5,000 பேருக்கும், மலை மற்றும் பழங்குடிப் பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது அரசின் அளவுகோல். அத்தகைய நிலையம் 4 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஓர் ஊர், புள்ளி நகர்ந்தபின் அதன் வாசலிலேயே இருப்பதாகத் தோன்றலாம். 9 கிலோமீட்டர் தள்ளி இருப்பதாகவும் தோன்றலாம். இத்தகைய பிழைகள் பலவாகச் சேரும்போது, தொலைவுக்கும் பேறுகாலத் துன்பத்துக்கும் உள்ள தொடர்பு உள்ளதைவிட மெலிந்தே கணக்கில் தெரியும். தொலைவு பெரிய பொருட்டன்று என்று அறிக்கை எழுதப்படும். மறைபொருளைக் காக்கும்பொருட்டு எந்தப் பெண்ணின் ஊர் நகர்த்தப்பட்டதோ, அப்பெண்ணின் ஊருக்கு வரவேண்டிய செவிலியர் வராது போகவும் அதுவே காரணமாகலாம். அவளுக்குத் தந்த வாக்கும் அவளுக்குச் செய்யவேண்டிய நன்மையும் இவ்விடத்தில் எதிரெதிராக நிற்கின்றன. இரண்டையும் ஒருங்கே நிறைவேற்றும் கணக்கு முறை எதுவும் இல்லை.

மெய்யான ஆயத்தை நிறுவனத்தினுள்ளேயே வைத்துக்கொண்டு, தொலைவையும் மழையையும் கணக்கிட்டு எண்களை மட்டும் வெளியிடலாம் என்னும் மாற்றுவழி கூறப்படுவதுண்டு. பார்வைக்கு நன்று. ஆனால் ஒரு கொத்தின் கடல்மட்ட உயரம், ஆற்றிலிருந்து தொலைவு, நெடுஞ்சாலையிலிருந்து தொலைவு, ஆண்டு மழை ஆகிய நான்கும் துல்லியமாகத் தரப்பட்டால், வரைபடம் வைத்திருப்பவர் ஊரைக் கண்டுபிடித்துவிடலாம். தனித்தனியே ஒன்றும் சுட்டாத எண்கள், கூடியபோது வேலில் கட்டிய வேம்பாகின்றன. எனவேதான் டி.எச்.எஸ். திட்டம் வழங்கிய இத்தகைய அளவெண்கள்கூட நகர்த்தப்பட்ட புள்ளியைச் சுற்றி நகரத்தில் 2 கிலோமீட்டர், ஊரகத்தில் 10 கிலோமீட்டர் ஆரத்திற்குச் சராசரி கண்டு தரப்பட்டன.

ஒருவரும் சுட்டப்படாமல் அனைவரும் சுட்டப்படுதல்

இதுவரை கூறியவை தனியொருவரைக் காப்பது பற்றியன. ஒருவரையும் தனித்துச் சுட்டாமலேயே ஒரு பகுதியினர் அனைவர்க்கும் தீங்கிழைக்கலாம் என்பதற்கு வரலாற்றுச் சான்று உள்ளது. 1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டபின், 1942 பிப்ரவரி 19 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து, மேற்குக் கடற்கரைப் பகுதியில் வாழ்ந்த சப்பானிய வழியினர் சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். அவர்கள் எங்கெங்கு எத்துணைப் பேர் வாழ்கின்றனர் என்னும் சிறுபகுதி வாரியான அட்டவணைகளை 1940ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து தொகுத்துக் கொடுத்தது அந்நாட்டுக் கணக்கெடுப்புத் துறை. அவ்வட்டவணைகளில் பெயர் எதுவும் இல்லை. சட்டம் பெயரைத் தருவதையே தடுத்திருந்தது. அத்தடையை அட்டவணை மீறவில்லை. தெருக்கள் தெரிந்தபின் பெயர் தேவைப்படவுமில்லை. வில்லியம் செல்ட்சர், மார்கோ ஆண்டர்சன் ஆகியோரின் ஆய்வு இதனை வெளிக்கொணர்ந்தபின், 2000ஆம் ஆண்டில் அத்துறையின் இயக்குநர் கென்னத் பிரூயிட் துறையின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். பெயரோடு கூடிய விவரங்களும் 1943இல் தரப்பட்டமைக்கான சான்றை அவ்விருவரும் 2007இல் வெளியிட்டனர்.

இந்தியச் சட்டமரபு இவ்விடரை ஒரு பக்கத்திலிருந்தே நோக்குகிறது. 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் தனியார் விவரங்களைப் பார்வையிடுவதையும் நீதிமன்றத்தில் சான்றாகக் கொள்வதையும் தடுக்கிறது. 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என அறிவித்தது. 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கும் புள்ளியியலுக்கும் விலக்கு அளிக்கிறது. குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்க அத்தரவைப் பயன்படுத்தலாகாது என்பது அவ்விலக்கின் நிபந்தனைகளுள் ஒன்று. ஒருவரைப் பற்றிய முடிவை அந்நிபந்தனை தடுக்கும். ஒரு தெருவைப் பற்றிய, ஒரு குடியிருப்பைப் பற்றிய முடிவு அதன் சொற்களுக்குள் அடங்காது. கடன் வழங்கும் நிறுவனம் ஒன்று, குறிப்பிட்ட பகுதியினர்க்குக் கடன் இல்லையென முடிவு செய்தால், எவர் பெயரும் அங்கு எழுதப்பட்டிராது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871 முதல் செய்தது பிறப்பைக் கொண்டு ஒழுக்கத்தை எழுதியமை. இடத்தைக் கொண்டு ஒழுக்கத்தை எழுதுதல் அதனினும் மென்மையாகத் தோன்றும். இந்தியச் சிற்றூர்களில் சாதியும் தெருவும் பெரிதும் ஒன்றியே கிடப்பதால், விளைவு அத்துணை மென்மையாக இராது.

இவ்வகையில் அகமரபின் விதிக்கும் ஆய்வுநெறிக்கும் உள்ள ஒரு வேறுபாடு வெளிப்படுகிறது. அகப்பாட்டில் பெயர் சுட்டாமையால் தலைவியின் துயர் எல்லார்க்கும் உரியதாகிறது. கேட்பவர் அதனைத் தம் துயராகக் கொள்ள இடமுண்டு. ஆய்வில் பெயர் சுட்டாமையால் ஒருத்தியின் துயர் அவ்வட்டாரத்தார் அனைவரின் மேலும் ஏறுகிறது. ஆனால் கேட்பவர் அதனைத் தமதாகக் கொள்வதில்லை. அவ்வட்டாரத்தின் குறையாகவே கொள்கின்றனர். மழை பொய்த்ததும் நிலையம் தொலைவில் உள்ளதும் பகுதியைப் பற்றிய செய்திகள். அவற்றை ஊர்ப்பெயரோடு வெளிப்படையாகச் சொல்வதால் எவருக்கும் வாக்குப் பிழையாது, சொல்லாதிருப்பதே குறை. அடிபட்டேன் என்பது வீட்டினுள் ஒருத்தி சொன்ன சொல். அச்சொற்களைக் கூட்டிச் சராசரி கண்டு, இன்ன ஊரில் பெண்டிர் இத்துணை விழுக்காடு அடிபடுகின்றனர் என எழுதும்போது, அது ஊரைப் பற்றிய செய்தியாக உருமாறிவிடுகிறது. ஆனால் அதன் மூலம் மறைவில் சொல்லப்பட்ட சொல்லே. ஒரு கொத்தில் இவ்வினாவுக்கு விடையளித்தோர் அதிக அளவாகப் பதினொருவரே என்பதையும் கருத வேண்டும். பதினொருவரின் சொல்லை ஓர் ஊரின் இயல்பென எழுதுவது கணக்கியலுக்கும் பொருந்தாது. அந்தப் பதினொருவர்க்கும் அது காப்பாகாது.

நெடுநல்வாடையின் வேம்புக் குறிப்பை எல்லா அறிஞரும் நச்சினார்க்கினியர் கொண்டவாறே கொள்ளவில்லை. பெயர் சொல்லப்படாதவரை அது அகமே என வாதிடுவோரும் உளர். இவ்வேறுபாடு எண்ணத்தக்க ஒன்றைக் காட்டுகிறது. வேம்பு பாண்டியர் பூ என்பதை அறியாத அயல்நாட்டான் ஒருவன் அப்பாட்டை அகமென்றே படிப்பான். மதுரையில் இருந்தவன் அரசன் இன்னான் என உடனே அறிந்திருப்பான். பாட்டில் ஒரு சொல்லும் மாறவில்லை. படிப்பவனின் அறிவு மாறியது. தரவை வெளியிடும் நிறுவனங்கள் தம் காப்பைச் சோதிக்கும்போது, தொலைவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் அமர்ந்திருக்கும் அறிமுகமற்ற ஆய்வாளரால் ஒருவரைக் கண்டுபிடிக்க இயலுமா என்றே பெரும்பாலும் கேட்கின்றன. வயது 34, கைம்பெண், ஈன்ற ஐந்து குழந்தைகளுள் இரண்டு இறந்தன, ஓட்டு வீடு, இரண்டு ஆடுகள் என்னும் வரியிலிருந்து அவ்வாய்வாளரால் எவரையும் அறியவியலாது. அதே வரியை அவ்வூரின் பெயரோடு படிக்க நேரும் ஊர்த் தலையாரியோ, கிராமச் செவிலியோ, அவள் கணவனின் தம்பியோ இரண்டாம் முறை படிக்க வேண்டியதில்லை.